வயற் சேற்றில் ஒட்சியேற்றமும் தாழ்த்தலும்



மண்வெட்டி ஈரக்காற்றில் துருப்பிடிப்பது ஒட்சியேற்றம். அங்கு இரும்பு இலத்திரன்களை இழக்கிறது. நீர் தேங்கிய வயலிலோ இதற்கு எதிரானது நிகழ்கிறது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஒட்சிசன் தீர்ந்தபின், மண்ணின் செந்நிற இரும்புச் சேர்வைகளுக்கு இலத்திரன்களை அளிக்கின்றன. இதுவே தாழ்த்தல். தாழ்த்தப்பட்ட இரும்பு நீரிற் கரைந்து வேர்வழி ஏறும். அளவு மீறின், முதிர்ந்த இலைகளில் நுனியிலிருந்து கபிலப் புள்ளிகள் பரவும், பயிர் குன்றும். ஈரவலயத்தின் தாழ்ந்த வயல்களில் இக்கேடு காணப்படுகிறது.

ஆகவே, மேட்டிலிருந்து ஊறிவரும் நீரைத் தடுக்க வயலோரம் வடிகால் வெட்டுங்கள். இடையிடையே நீரை வடித்துச் சேற்றினுட் காற்றுப் புகவிடுங்கள்; இரும்பு மீண்டும் ஒட்சியேறிக் கரையாத துருவாகும். பொட்டாசுப் பசளையிடத் தவறாதீர்கள். பொட்டாசு குறைந்த பயிரை இக்கேடு எளிதிற் பற்றும்.