உந்துருளியும் ஊரறிவும்



மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் வழங்கினர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இந்நீர்ப்பரப்பு இரு கரைகளையும் பிரிக்கின்றது. நெல்லும் பாலும் தயிரும் விறகும் படுவான்கரையில்; சந்தையும் கடைத்தெருவும் நெருங்கிய குடிசனமும் எழுவான்கரையில். ஒரு கரையின் விளைவு மறுகரையின் அடுப்பைச் சென்றடைய வேண்டுமாயின், யாரேனும் அதனைச் சுமந்து வாவியைக் கடந்தே ஆகவேண்டும். அக்காலத்தில் அவ்வேலையைத் தோணியும் மாட்டுவண்டியும் செய்தன. இன்று, விசேடமாக 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், சிறு வியாபாரிகளின் சுமையிற் பெரும்பங்கை உந்துருளியே தாங்குகின்றது. உந்துருளி என்பது அரசாங்க நிருபங்களில் வரும் சொல். ஊரவர் மோட்டார் சைக்கிள் என்பர். இரண்டும் ஒன்றே.

கலைப் பட்டதாரியான ஒரு பாடசாலை அதிபருக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். எனது ஆசிரியர்களிற் பலர் எழுவான்கரையிலிருந்து உந்துருளியில் வருபவர்கள். வழியில் ஒருவருடைய செயின் அறுந்தால், இங்கே ஒரு வகுப்புக்கு முதலாம் பாடம் இல்லை. ஆதலின் உந்துருளியின் சுகதுக்கம் எனக்கும் ஓரளவு சொந்தமாயிற்று. எனினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வண்டியைப் பற்றியன்று. வண்டிக்காரர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் புத்திமதிகளைப் பற்றியதே இப்பேச்சு.

எம்மவர் வாவியைக் கடக்கும் மிதவையைப் 'பாதை' என்று அழைப்பார்கள். குருமண்வெளித் துறையிலே மண்டூர்ப் பாதைக்காகக் காத்து நின்ற பொழுதுகளில் நான் கேட்ட உரையாடல்கள் பல. அவற்றுள் ஒன்று காற்றைப் பற்றியது. நெல் மூடை ஏற்றுபவர் ஒருவர், பின்சக்கரத்துக்குக் காற்றை நன்றாக இறுக அடிக்கவேண்டும் என்றார். தயிர்ச் சட்டி ஏற்றுபவரோ, சற்றுக் குறைவாகவே அடிக்கவேண்டும் என்று மறுத்தார். இருவரும் பல்லாண்டுகள் சுமை ஏற்றியவர்கள்; இருவருக்கும் அனுபவம் இருந்தது. தயிர்க்காரரின் அச்சம் நியாயமானதே. இறுகிய சக்கரம் கிரவல் வீதியின் ஒவ்வொரு குழியையும் சட்டிக்குச் சொல்லிக் கொடுக்கும். மண்சட்டி அதைப் பொறுக்காது. ஆனால் காற்றுக் குறைந்த ரயர் சுமையின் கீழ் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும். அவ்வாறு நசுங்குவதனாற் சூடேறும். சூடேறியது பக்கவாட்டில் வெடிக்கும்.

வழக்கைத் தீர்த்தவர் அருகில் நின்ற முதியவர் ஒருவர். "தம்பி, காத்தைக் குறைக்காதே, பெட்டிக்குக் கீழே மெத்தை போடு" என்றார். பழைய ரியூப்பைக் கீறிப் பெட்டிக்கு அடியில் விரித்து, சட்டிகளுக்கிடையே வைக்கோலைத் திணித்தால், அதிர்ச்சியை வைக்கோல் ஏற்கும். பாரத்தை ரயர் ஏற்கும். இதைவிடத் தெளிவாக ஒரு பௌதிக ஆசிரியரும் விளக்கியிருக்க மாட்டார்.

இந்தச் சிறு வழக்கிலே நான் கண்டது யாதெனில், புத்திமதி பயணம் செய்யும்பொழுது அதன் காரணத்தை வழியில் இறக்கிவிட்டு வருகின்றது என்பதே. "காற்றைக் குறை" என்ற சொல் எஞ்சுகின்றது. எதற்காக, எந்த மண்ணில், எந்தச் சுமைக்கு என்பன மறைந்துவிடுகின்றன. கடலோர மணலில் வெறும் வண்டி புதையாமற் செல்வதற்குக் காற்றைக் குறைப்பது சரியான உபாயமே. அதே உபாயத்தை இரண்டு நெல் மூடைகளோடு கறுப்புத் தார்வீதிக்குக் கொண்டு வருவது ஆபத்து.

இதற்கு இன்னும் நல்ல உதாரணம் எண்ணெய். பெற்றோலுடன் எண்ணெய் கலக்கவேண்டும் என்பது ஒரு காலத்தில் உந்துருளிக்காரரின் முதற்பாடமாக இருந்தது. இரண்டடிப்பு இயந்திரத்துக்கு அது மெய்யே. அவ்வியந்திரத்தின் அடிவயிற்றில் எண்ணெய் தங்குவதில்லை. பெற்றோலோடு சேர்ந்து வரும் எண்ணெயே உள்ளுறுப்புகளைக் காக்கின்றது. நான்கடிப்பு இயந்திரமோ தன் எண்ணெயைத் தன்னுள்ளே தனியாக வைத்திருக்கின்றது. அதன் பெற்றோலில் எண்ணெயைக் கலந்தால், புகையும் பிளக்கிற் கரியுமே பலன். பாரமேற்றுவதற்குப் பெயர்பெற்ற டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை எண்ணிப் பாருங்கள். நெடுங்காலம் அது இரண்டடிப்பு வண்டி. 2015ஆம் ஆண்டில் எக்ஸ்.எல். 100 என்ற பெயரில் நான்கடிப்பாக வெளிவந்தது. தோற்றம் ஏறத்தாழப் பழையதே. தந்தை ஓட்டிய வண்டியைப் போன்றதையே மகனும் ஓட்டுகிறான். தந்தையின் புத்திமதியையும் கூடவே எடுத்துக்கொள்கிறான். வண்டி மாறிவிட்டது என்பதை அவனுக்கு யார் சொல்வது?

செயினைப் பற்றியும் இவ்வாறான ஒரு நம்பிக்கை நிலவுகின்றது. சுமை ஏற்றுபவர் செயினை இறுக்கி வைக்கவேண்டும் என்பர். ஓர் இளைஞர் என்னிடம் கூறிய காரணம் சுவையானது: "சேர், தளர்ந்தால் சத்தம் போடும், சத்தம் போட்டால் சனம் சிரிக்கும்." ஆனால் நடப்பது வேறு. பாரம் ஏறியதும் வண்டியின் பின்புறம் தாழ்கின்றது. முன்பற்சக்கரமும், பின்கரம் பொருந்தும் இடமும், பின்சக்கரத்தின் அச்சும் ஒரே நேர்கோட்டை நெருங்குகின்றன. அந்நிலையிலேதான் செயினுக்கு மிக நீண்ட தூரம் வேண்டும். வெறும் வண்டியில் இறுக்கிய செயின் பாரத்தின் கீழ் வில்லின் நாணாகிவிடும். அது அறுவதோடு நில்லாமல், கியர்ப்பெட்டியின் பேரிங்கையும் தின்றுவிடும். சிறிய உந்துருளிகளிற் பெரும்பாலானவற்றுக்குக் கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் இரண்டு முதல் மூன்று சென்றிமீற்றர் தளர்வு வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவே முடிவானது. ஐயமுள்ளவர்கள் இரண்டு நண்பர்களை வண்டியில் ஏற்றி, அப்பொழுதும் செயின் சற்று அசைகின்றதா என்று விரலாற் பார்க்கலாம்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் உயிரே இருக்கின்றது. மீன் வியாபாரிகள் பெரும்பாலும் ஆசனத்துக்குப் பின்னே பெட்டியைக் கட்டுவார்கள். பெட்டி நிறைந்தால் அதன் நிறை பின்சக்கர அச்சுக்கும் பின்னாற் போய்விடும். எங்கள் மாணவர் நெம்புகோலைப் படிக்கின்றார்கள். பின்னச்சே சுழலிடம், பெட்டியே விசை, முன்சக்கரமே தூக்கப்படும் பாரம். முன்சக்கரம் இலேசாகினால் கைபிடி ஆடும். திருப்பினால் வண்டி கேளாது. முன்பிரேக்குப் பிடித்தாற் பிடிமானம் போதாது. அனுபவமுள்ள வியாபாரிகள் பெட்டியை ஆசனத்தோடு ஒட்டி முன்னே தள்ளிக் கட்டுவதும், பனிக்கட்டியைப் பெட்டியின் முன்பாதியில் வைப்பதும் இதனாலேயே. நாலைந்து விரற்கடை முன்னே வந்தால், கைபிடியில் அவ்வளவு வேறுபாடு தெரியும் என்கிறார்கள்.

பாற்காரரின் அறிவு இன்னும் நுட்பமானது. நிறைந்த குடம் தளும்பாது என்பது எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. அதை வீதியில் உணர்ந்தவர்கள் அவர்களே. பாதி நிறைந்த பாற்கலன் வளைவிலே ஒருபக்கம் சாய்ந்து வண்டியையும் இழுக்கும். ஆகவே பாதி நிறைந்த நான்கு கலன்கள் இருந்தால், இரண்டை நிரப்பி இரண்டை வெறுமையாக்கி, நிறைந்தவற்றை இருபுறமும் ஒவ்வொன்றாகத் தாழக் கட்டுவார்கள். ஒரே புறத்தில் இரண்டையும் கட்டும் புத்திசாலி இன்னும் பிறக்கவில்லை என்றார் ஒருவர்.

வேகத்தைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. அது எனக்குக் குறையாகவே படுகின்றது. வேகம் இரு மடங்கானால், பிரேக்குப் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். சுமையோடு வரும் சிறிய வண்டியின் பிரேக்கோ ஓட்டுநரும் இன்னொருவரும் ஏறும் அளவுக்கே செய்யப்பட்டது. மாலை வேளையில் மாடுகள் வீதியைக் கடக்கும் ஊர்களிலே இக்கணக்கை மறக்க முடியாது.

இந்த ஊரறிவின் பெறுமதி முழுவதும் வெளிப்பட்டது நெருக்கடிக் காலத்திலேயே. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலிருந்து இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலாகும். இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டியே கதி. 2022ஆம் ஆண்டு யூலையிற் பங்கீட்டு முறை வந்தபொழுது, உந்துருளிக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. உதிரிப்பாகத்தை யார் செப்பனிடுவார், எதை எதற்குப் பதிலாகப் பொருத்தலாம் என்பன போன்ற செய்திகள் பெற்றோல் வரிசைகளிலேயே கைமாறின. அங்கே தீய புத்திமதிகளும் கைமாறின. காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டால் எண்ணெய் மிச்சம் என்றார்கள். எங்கள் மணற்காற்றை நேரே சிலிண்டருக்குள் விடுவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை. இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உருள விடுங்கள் என்று மலைநாட்டிலிருந்து ஒரு யோசனையும் வந்தது. தட்டையான எங்கள் பிரதேசத்தில் இறக்கத்தை எங்கே தேடுவது என்று எவரும் சிந்திக்கவில்லை. மலிவு என்பதற்காகக் கார் எண்ணெயை ஊற்றியவர்களும் உண்டு. பெரும்பாலான உந்துருளிகளில் கிளச்சும் அதே எண்ணெயிலேதான் ஊறிக் கிடக்கின்றது. உராய்வைக் குறைக்கும் கார் எண்ணெய் கிளச்சையும் வழுக்கச் செய்துவிடும். போத்தலின் மேல் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி உண்டா என்று பார்த்து வாங்குமாறு ஒரு பழுதுபார்ப்பவர் வரிசையிலே நின்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று அவர் நடத்தியது ஒரு வகுப்பே.

வாடைக்காற்றோடு மாரி வரும். தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் ஏறும். ஆதலின் முடிப்பதற்கு முன் அதனையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிக்காரர், வெள்ளத்தில் முதற் கியரிலே நின்று வேகத்தை விடாமற் போ என்பர். கியர் வண்டிக்கு அது பொருந்தும். எங்கள் ஆசிரியைகள் ஓட்டும் ஸ்கூட்டருக்கு மாற்றுவதற்குக் கியரில்லை. அதன் வார்ப்பட்டிப் பெட்டிக்குள் நீர் புகுந்தால் இயந்திரம் சுற்றும், சக்கரம் சுற்றாது. அவர்கள் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து, வேண்டுமானால் சுற்றுவழியிற் போவதே நன்று. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புநீரும் வாவியின் உவர்நீரும் செயினுக்கும் மின்கம்பி முனைகளுக்கும் ஒரே பகை. அன்றன்றே கிணற்று நீரால் கழுவித் துடைத்து, செயினுக்குப் புதிய எண்ணெய் இடவேண்டும். கழிவெண்ணெய் வேண்டாம், அதில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும்.

வண்டி நீரில் மூழ்கி நின்றுவிட்டால் உடனே இயக்க முயலாதீர்கள். காற்றைப் போல நீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது மிதித்தால் உள்ளே தண்டு வளையும். முதலிற் பிளக்கைக் கழற்றி, அது இல்லாத நிலையிற் பலமுறை மிதித்து நீரை வெளியேற்றுங்கள். வடிகட்டியை உலர்த்துங்கள், காபரேற்றரின் கிண்ணத்தை வடியுங்கள். இயந்திர எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதை முழுவதும் மாற்றி, சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு, மீண்டும் வடித்துப் பாருங்கள். அப்பொழுதும் வெளுத்திருந்தால் இன்னொரு முறை மாற்றவேண்டும். பிறகு வீதிக்கு எடுத்ததும், நனைந்த பிரேக்கை இலேசாக அழுத்தியபடி சிறிது தூரம் மெதுவாக ஓட்டி உலர்த்திய பின்னரே சுமையை ஏற்றுங்கள்.