கல்லில் இருந்த பெயரும் பெட்டியில் இருந்த பெயரும்



இரண்டு வருடத்துக்கு முன்னால், சென்னையில் வளர்ந்த என் மகளை உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். புலியூர்க்குறிச்சி நாம் எல்லோரும் பஸ்ஸில் நூறு தடவை கடந்துபோன இடம்தான். "நம்ம மூத்தவங்க அங்க பீரங்கி வார்த்தவங்களாக்கும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அதைக் காட்டத்தான் போனேன்.

1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக் கம்பெனிப் படை தோற்றது. சிறைப்பட்ட டிலனாய் பின்பு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார்; உதயகிரியில் பீரங்கி வார்ப்பதையும் கவனித்தார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை கோட்டைக்குள்ளே இருக்கிறது. கல்லில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு.

மகள் கேட்டாள்: "கடல் கடந்து வந்தவர் பேரு இருக்கு. நம்ம ஆளு பேரு என்னப்பா?" தெரியவில்லை. "உங்க பாட்டாவோட அப்பா பேராவது?" அதுவும் தெரியவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைத் திறந்தோம். உள்ளே பத்திரங்கள். எல்லாம் மலையாளம்! 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சேர்ந்தது நமக்குப் பெருமை. ஆனால் என் குடும்பத்துக் காகிதத்தை வாசிக்க எனக்கு எழுத்துத் தெரியவில்லை. பள்ளியில் மலையாளம் படித்த அப்பா வாசித்திருப்பார். அவர் இருந்தபோது நான் கேட்கவில்லை.

தக்கலையில் ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியை ஒருவர் பொறுமையாக வாசித்துத் தந்தார். கொல்லம் ஆண்டு 1098, அதாவது 1922-23. பாட்டாவின் அப்பா ஒரு துண்டு வயல் வாங்கிய பத்திரம். அவர் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மகள் அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள். பீரங்கி பற்றி ஒரு வரியும் இல்லை. அப்பா சொன்னது நிஜமா, கதையா, இனி யாரிடம் கேட்பேன்?

மாணவச் செல்வங்களே, இந்த லீவில் வீட்டுக்குப் போனால் பாட்டா, பாட்டி பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் போலப் பிந்திவிடாதீர்கள் மக்கா.