எத்தனை வரி குறைஞ்சது என்பது அப்புறம்

இன்னைக்கு ஒரு கோட் ரிவ்யூ பத்திப் பேசலாம்.

திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் பண்ணிக் கொடுக்கிற ஒரு சின்ன டீம்ல நான் இருக்கேன். இங்க ஒரு டி-ஷர்ட் பெரும்பாலும் ஒரே இடத்துல உருவாகிறதில்லை. நிட்டிங் ஒரு யூனிட், டையிங் இன்னொண்ணு, காம்பாக்டிங் வேற. எல்லா யூனிட்டும் நெட்வொர்க்ல இருக்கான்னு ராத்திரி முழுக்கப் பார்த்துச் சொல்ல ஒரு கமாண்ட் லைன் டூல் வச்சிருக்கோம்.

டீம்ல இருக்கிற தம்பி ஒருத்தர் அதுல ஃபிளாக் படிக்கிற பகுதியை மாத்தி எழுதினார். நீளமான இஃப்-எல்ஸ் எல்லாம் போய், பைத்தானோட ஆர்க்பார்ஸ் வந்துச்சு. கோட் பாதிக்கும் கீழ குறைஞ்சது, ஹெல்ப் மெசேஜும் தானா வருது. நல்ல வேலைதான். அப்ரூவ் பண்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "இந்த டூலை யாரெல்லாம், எந்த ஃபிளாக் போட்டுக் கூப்பிடறாங்க தம்பி?"

ஆர்க்பார்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. 'டேஷ் டேஷ் டைம்அவுட்'னு முழுசா எழுத வேண்டாம். 'டேஷ் டேஷ் டைம்'னு நிறுத்தினாலும் புரிஞ்சுக்கும். யாராவது ஒருத்தர் ஸ்கிரிப்ட்ல அப்படியே சுருக்கி எழுதிடுவார். ஆறு மாசம் கழிச்சு நாம 'டைம்ஸ்டாம்ப்'னு புது ஃபிளாக் சேர்ப்போம். அப்போ 'டைம்'னா ரெண்டுல எதுன்னு தெரியாம டூல் எரர் கொடுத்து நின்னுடும். பழைய ஃபிளாக்கை யாரும் தொடலை, ஆனா ராத்திரி ஓடற ஸ்கிரிப்ட் விழுந்துடுச்சு. லைன் கட்டானது காலைல சலான் போட உட்காரும்போதுதான் தெரியும். லோடு ஏத்தின வண்டி வாசல்ல நிக்கும்.

பைத்தான் 3.5-லேர்ந்து இதைத் தடுக்க 'அலோ அப்ரிவ்'னு ஒரு செட்டிங் இருக்கு. அதை ஃபால்ஸ்னு வைக்கச் சொன்னேன்.

இன்னொண்ணு, எத்தனை தடவை முயற்சி பண்ணணும்கிறதுக்கு இருந்த 'டேஷ் என்'னை அவர் 'டேஷ் சி'ன்னு மாத்தியிருந்தார். காரணம் இருக்கு. விண்டோஸ் பிங்ல எண்ணிக்கைக்கு 'என்', லினக்ஸ்ல 'சி'. லினக்ஸ்ல 'என்' போட்டா, பேரைத் தேடாம ஐபி எண்ணை மட்டும் காட்டுன்னு அர்த்தம். ஆனா யூனிட்கள்ல இருக்கிறவங்க கை விண்டோஸுக்குத்தான் பழகியிருக்கு. அதனால ரெண்டையுமே ஏத்துக்கச் சொன்னேன். எல்லா யூனிட்லயும் ஓடற கமாண்டுகளை அப்படியே எடுத்து டெஸ்ட்டாவும் போட்டார். எல்லாம் பாஸ் ஆனதுக்கு அப்புறம்தான் மெர்ஜ்.

அடுத்த தடவை இப்படி ஒரு கோட் உங்ககிட்ட ரிவ்யூவுக்கு வந்தா, எத்தனை வரி குறைஞ்சதுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி பழைய கமாண்டை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.