நில்லாத மிதி

துவிச்சக்கரவண்டியைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன். வண்டி ஓட்டத் தெரியாதார் நம்முள் மிகச் சிலரே. ஆதலால், இதிலே புதிதாகச் சொல்லுதற்கு என்ன இருக்கின்றது என்று நீங்கள் எண்ணலாம். ஆயின், நான் சொல்ல வந்தது நம் வீட்டுத் திண்ணையிற் சாத்தியிருக்கும் வண்டியைப் பற்றியதன்று. அதற்கு முன்பிறந்த அண்ணனைப் பற்றியது.

நமது வண்டியில் மிதிப்பதை நிறுத்திவிட்டாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பின்சில்லின் நடுவே 'பிறீவீல்' என்னும் ஒரு சிறு பொறி உண்டு. கால் ஓய்ந்தாலும் சில்லு ஓயாமற் சுழல வழிவிடுவது அதுவே. இறக்கத்திலே கால்களை அசைக்காமல் இருக்கும்போது 'கிர்' என்று கேட்கும் ஒலி அதனுடையது. இப்பொறி இல்லாத வண்டியும் உண்டு. அதிலே பற்சக்கரம் பின்சில்லோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். சில்லு சுழலும்வரை மிதி சுழலும். மிதி சுழலும்வரை கால் சுழன்றே ஆகவேண்டும். இதனை 'பிக்செட் கியர்' என்பர். நாம் நிலைச்சக்கர வண்டி என்று சொல்லிக்கொள்வோம்.

1885ஆம் ஆண்டில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பார் இங்கிலாந்தின் கொவன்றி நகரிலே செய்து வெளியிட்ட 'ரோவர்' வண்டி இத்தகையதே. அந்நூற்றாண்டின் இறுதியிலே பிறீவீல் பரவத் தொடங்கியது. நிலைச்சக்கரம் வீதியிலிருந்து மெல்ல விலகியது. ஆயினும் அது மறையவில்லை. பந்தயத் தடாகங்களிலே அது நிலைத்தது. யப்பானில் 1948இல் கொக்குரா நகரிலே தொடங்கிய 'கெய்ரின்' ஓட்டம் இன்றும் தடுப்பற்ற நிலைச்சக்கர வண்டிகளாலேயே நடைபெறுகின்றது. பின்னர் நியூயோர்க் நகரத்துத் தூதஞ்சல் இளைஞர் அதனை மீண்டும் வீதிக்குக் கொணர்ந்தனர். 2008ஆம் ஆண்டில் அந்நகரின் புறூக்ளின் பகுதியிலே 'றெட் ஹூக்' என்னும் வீதியோட்டம் தொடங்கியது. தடுப்பில்லாத நிலைச்சக்கர வண்டிகளிலே, கூரிய திருப்பங்களைச் சுற்றிச் சுற்றி ஓடும் அப்போட்டி 2018வரை நடைபெற்றது.

தடாகத்திலே அமைதியாக இருந்த வண்டி வீதியின் வளைவுக்கு வந்தபோதுதான் ஓர் இடர் வெளிப்பட்டது.

நான் இலண்டனிலே தங்கிப் படித்த காலத்தில், அதே வீட்டின் மேல்மாடியில் ஓர் இளைஞர் இருந்தார். நிலைச்சக்கர வண்டியிலே அவருக்குப் பெருங்காதல். ஒருநாட் காலை இருவரும் ஒரு சிறிய இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். அவர் முன்னே, நான் பின்னே. இறக்கத்தின் அடியிலே இடப்புறமாக ஒரு வளைவு. வீதி உலர்ந்திருந்தது, மணலும் இல்லை, எண்ணெயும் இல்லை. வளைவின் நடுவிலே இரும்பு கல்லில் உரசும் ஓர் ஓசை கேட்டது. அடுத்த கணம் பின்சில்லு தரையை விட்டு எழுந்தது. நண்பர் வீதியின் நடுவிலே கிடந்தார். எதிரே வந்த கார்க்காரர் சற்று மெதுவாக வந்தபடியால் உயிர் தப்பியது; காறை எலும்பு முறிந்தது. வீதியிலே குனிந்து பார்த்தேன். ஒரு சாண் நீளத்திற்கு ஒரு கீறல். அவ்வளவே.

நடந்தது யாது? வளைவிலே திரும்பும் வண்டி உட்புறமாகச் சாயவேண்டும். சாயும்போது உட்புற மிதி நிலத்தை நெருங்கும். நமது வண்டியாயின், வெளிப்புற மிதியைக் கீழேயும் உட்புற மிதியை மேலேயும் வைத்துக் கால்களை நிறுத்திக்கொள்வோம். நிலைச்சக்கர வண்டியில் இதற்கு இடமில்லை. மிதி தன் வழியே கீழே வரும். நிலம் அங்கே இருந்தால் நிலத்தைத் தாக்கும். வண்டியின் வேகமும் ஓட்டுபவரின் பாரமும் சேர்ந்து மிதியை நிலத்திலே ஊன்றும். ஊன்றிய மிதியை முளையாகக் கொண்டு வண்டி எழும். சில்லு தரைப்பிடியை இழக்கும்.

"உட்புற மிதி மேலே நிற்கும் கணம் பார்த்துத் திரும்பினால் என்ன?" என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். முன்னே 48 பற்களும் பின்னே 16 பற்களும் உள்ள வண்டியில் மிதி ஒருமுறை சுற்றினால் சில்லு மூன்று முறை சுற்றும். வண்டி ஏறத்தாழ 6.3 மீற்றர் செல்லும். 10 மீற்றர் ஆரையுள்ள வளைவிலே கால்வட்டம் திரும்ப, செல்லவேண்டிய தூரம் 15.7 மீற்றர். எனவே, அந்த ஒரு வளைவுக்குள்ளேயே உட்புற மிதி இரண்டு முறையேனும் கீழே வந்து போகும். நேரம் பார்த்துத் தப்புதல் இயலாது.

ஆயின் எவ்வளவு சாயலாம்? கிராங்கு அச்சு நிலத்திலிருந்து 275 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். மிதியைத் தாங்கும் கிராங்குப் புயம் 170 மில்லிமீற்றர். மிதியின் தடிப்பையும் கழித்தால், கீழே வந்த மிதிக்கும் நிலத்துக்கும் இடையே எஞ்சுவது 90 மில்லிமீற்றர் அளவே. மிதியின் வெளிவிளிம்பு வண்டியின் நடுத்தளத்திலிருந்து 170 மில்லிமீற்றர் அப்பால் உள்ளது. இவ்விரண்டையும் கொண்டு கணித்தால், வண்டி ஏறத்தாழ 28 பாகை சாயும்போது மிதி நிலத்தைத் தொடும்.

இனி வேகத்தைப் பார்ப்போம். அதே 10 மீற்றர் வளைவை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திலே கடக்க, வண்டி 17 அல்லது 18 பாகை சாய்ந்தாற் போதும். 25 கிலோமீற்றரில் 26 பாகை வேண்டும். 30 கிலோமீற்றரில் 35 பாகை வேண்டும். 20க்கும் 30க்கும் இடையே சிறிய வேறுபாடுதான் என்று மனம் சொல்லும். ஆனால் ஒன்றிலே வண்டி நலமாகத் திரும்பும். மற்றதிலே மிதி நிச்சயமாக நிலத்தைத் தாக்கும். வேகம் சிறிது மிகுந்தாலும் சாய்வு பெரிதும் மிகுதல் இதன் இயல்பு.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு.

முதலாவது, வண்டியின் அமைப்பு. தடாக வண்டிகளிலே கிராங்கு அச்சை உயர்த்தி வைப்பர். புயத்தையும் 165 மில்லிமீற்றராகக் குறுக்குவர். ஒடுங்கிய மிதிகளைப் பூட்டுவர். அச்சை 10 மில்லிமீற்றர் உயர்த்திப் புயத்தை 5 மில்லிமீற்றர் குறுக்கினால், 28 பாகை 32 பாகையாகும். நன்மைதான். எனினும் இந்த 4 பாகையினால் நமது வளைவிலே கிடைக்கும் இலாபம் மணிக்கு 2 கிலோமீற்றர் வேகமே. பொறியை நம்பி வேகத்தைக் கூட்டுபவர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

இரண்டாவது, பாதை. அதே 30 கிலோமீற்றர் வேகத்தில், ஆரை 20 மீற்றராக விரிந்தால் வேண்டிய சாய்வு 35 பாகையிலிருந்து 20 பாகைக்குள் இறங்கிவிடும். எனவே, வளைவுக்குள் அகலமாக நுழைந்து அகலமாக வெளியேறுதல் நன்று. ஆனால், நமக்குரிய பாதிக்குள் மட்டுமே அகலம் தேடவேண்டும். எதிரே வருபவரின் பாதி நமக்கு உரியதன்று.

மூன்றாவது, உடல். சாயவேண்டியது வண்டி மட்டுமன்று. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த முழுப் பாரமும் சாய்ந்தாற் போதும். தோளையும் மார்பையும் வளைவின் உட்புறமாகக் கொண்டுசென்றால், வண்டி சற்று நிமிர்ந்தே நிற்கலாம். உடலின் பாரம் 10 சென்ரிமீற்றர் உள்ளே நகர்ந்தால் வண்டிக்கு ஏறத்தாழ 5 பாகை மிச்சமாகும். பொறியை மாற்றிப் பெற்ற பயனைவிட இது சற்று மிகுதி, செலவோ ஒன்றுமில்லை.

நான்காவது, வீதியின் சரிவு. நடு உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்த வீதியிலே இடப்பக்கமாகச் செல்பவருக்கு, வலப்புற வளைவு கூடுதலான இடர் உடையது. அங்கே நிலம் உட்புறமாக உயர்ந்து மிதியை நோக்கி வரும்.

தடாகத்திலே நிலைமை முற்றும் மாறுபடும் என்பதையும் சொல்லவேண்டும். 250 மீற்றர்த் தடாகத்தின் வளைவுகள் 40 பாகைக்கு மேல் சரிந்தவை. அங்கே விரைந்து செல்பவரின் வண்டி பலகைக்குச் செங்குத்தாக நிற்கும், மிதி தட்டுவதில்லை. மெதுவாகச் செல்பவரின் வண்டியோ நிமிர்ந்து நிற்க, மேற்பக்கமாகிய வலப்புற மிதி பலகையிலே தட்டும். தடாகத்திலே விழச்செய்வது வேகக்குறைவு. வீதியிலே விழச்செய்வது வேகமிகுதி. தடாகத்திற் பழகியவர் வீதியில் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றினும் தலையாயது ஒன்று உண்டு. வேகத்தைக் குறைத்தல் வளைவுக்கு முன்னரே முடிந்துவிடவேண்டும். வளைவின் நடுவிலே அச்சங்கொண்டு கால்களால் மிதியை எதிர்த்து அழுத்தினால், ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பின்சில்லு வழுக்கும். சட்டெனக் கால்களை நிறுத்த முயன்றாலோ, மிதி காலைத் தூக்கி எறியும். இங்கிலாந்தின் சட்டம் நிலைச்சக்கர வண்டிக்கும் முன்சில்லில் ஒரு தடுப்பு வேண்டுமென்று விதித்திருப்பதன் நியாயம் இங்கே விளங்கும். நேரே செல்லும்போது அந்தத் தடுப்பைப் பிடித்து, வேகத்தைத் தணித்து, பின்னர் சீராக மிதித்துக்கொண்டே வளைவைக் கடத்தல் வேண்டும்.

உங்கள் வண்டியின் எல்லையை அறிய ஓர் எளிய வழி உண்டு. வண்டியை நிறுத்தி, ஒருபக்க மிதியை முற்றக் கீழே இறக்கி, அப்பக்கமாக வண்டியை மெல்லச் சாயுங்கள். மிதி நிலத்தைத் தொடும் இடத்திலே நிறுத்தி, அந்தச் சாய்வைக் கண்ணிலே பதித்துக்கொள்ளுங்கள். வீதியிலே ஒருநாளும் அவ்வளவு சாயலாகாது.

நண்பர் ஆறு வாரம் கையைத் தூக்குக்கட்டிலே தாங்கியிருந்தார். மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்றபோது, வீதியையோ வண்டியையோ அவர் குறைகூறவில்லை. மெதுவாக வந்திருக்கலாம் என்ற எண்ணம் தமக்கு வந்தது உண்மை, ஆனால் அது வளைவுக்குள் நுழைந்த பின்னரே வந்தது என்று மட்டும் சொன்னார். நில்லாத மிதியை உடைய வண்டிக்கு அந்த எண்ணம் பத்து மீற்றர் முன்னதாக வரவேண்டும்.