மருந்து சொல்வதற்கு முன்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கற்றல் விளைவுகள் பற்றியும் எமிஸ் பதிவுகள் பற்றியும் காலையிலிருந்து பேசிவிட்டோம். எனக்குக் கொடுக்கப்பட்ட இந்த இருபது நிமிடத்தில், எந்தப் பயிற்சிக் கட்டகத்திலும் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம்மோடு ஒரே அறையில் அமர்ந்து நோட்டுத் திருத்தும் ஓர் ஆசிரியருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம், என்ன செய்ய வேண்டும் என்பதே அது.

என்ன செய்கிறோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மருந்து சொல்கிறோம். "டீச்சர், முள் சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடிங்க." "கோதுமைப்புல் சாறு வெறும் வயிற்றில் குடிச்சா போதும் சார்." "கத்தி பட்டா பரவிடும், ஆபரேஷனுக்கு அவசரப்படாதீங்க." "எங்க சித்தப்பாவுக்கு ஒருத்தர் பொடி கொடுத்தார், ஆறே மாசத்துல சரியாயிடுச்சு." இவற்றில் ஒன்றையாவது கேட்காத ஆசிரியர் அறை இருக்காது.

இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பாசத்தினால்தான் சொல்கிறார்கள். நம் தொழிலும் ஒரு காரணம். கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவர்கள் நாம். எதிரில் ஒருவர் தவிக்கும்போது பதில் இல்லாமல் நிற்பது நமக்குக் கடினம். கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிட ஓர் இலையின் பெயரைச் சொல்வது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. அந்த ஆறுதல் யாருக்கு என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

எங்கள் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கணக்கு டீச்சர் அல்லவா, நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தார். நோய் தெரிந்த முதல் மாதத்தில் அவருக்கு வந்த மருந்து யோசனைகள் 23. "உங்கள் வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னவர்கள் 2 பேர்.

"ஒவ்வொரு யோசனைக்கும் நான் சிரிச்ச முகமா நன்றி சொல்லணும். மறுவாரம் அவங்களே வந்து 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்பாங்க. இல்லைன்னா முகம் வாடிடும். எனக்கு இருந்த தெம்பில் பாதி அவங்களைச் சமாதானப்படுத்தவே போச்சு" என்றார் அவர். "சர்க்கரையை விட்டிருந்தா வந்திருக்காது" என்று ஒருவர் சொன்னபோது, நோயைத் தானே வரவழைத்துக்கொண்டதுபோல இருந்ததாம்.

இது மனவருத்தத்தோடு நிற்கவில்லை. இரண்டாவது கீமோ முடிந்து, வாய்ப்புண்ணும் வாந்தியுமாக அவர் துவண்டிருந்த வாரத்தில், உடன் பணியாற்றும் ஒருவர் வெகுதூரம் பயணம் செய்து, தன் கைக்காசைப் போட்டு ஒரு பொடி வாங்கி வந்து கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: இதைச் சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்து கூடாது. மூன்றாவது கீமோவுக்குக் குறித்த நாளில் டீச்சர் மருத்துவமனைக்குப் போகவில்லை. மூன்று வாரம் கழித்து அங்கிருந்து செவிலியர் தொலைபேசியில் அழைத்துப் பேசிய பிறகுதான் மீண்டும் போனார். மருத்துவர் திட்டவில்லை, அந்தப் பொடியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, சிகிச்சையைத் தொடர்ந்தார்.

டீச்சர் இன்று பள்ளிக்கு வருகிறார், பாடம் எடுக்கிறார். ஆனால் அந்த மூன்று வாரத்தினால் ஏதேனும் இழப்பு ஏற்பட்டதா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பரிசோதனைக்குப் போகும்போதும் அந்தக் கேள்வி அவரோடு போகிறது. பொடி வாங்கி வந்தவரும் அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்.

"மூலிகையில் மருந்தே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பள்ளித் தோட்டங்களில் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. ஆனால் அதன் அளவைப் பாருங்கள்: ஒரு முறைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, இரத்த நாளத்தின் வழியாக மட்டுமே செலுத்துகிறார்கள். அளவு கூடினால் நரம்புகள் பாதிக்கப்படும். அதே செடியின் இலையைப் பறித்து அரைத்துக் குடித்தால் அது நஞ்சு. செடியில் மருந்து இருக்கிறது என்பது உண்மை. அதனால் செடியே மருந்தாகிவிடாது.

முள் சீத்தா செய்தி எங்கிருந்து வந்தது? ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் மீது அதன் சாறு செயல்பட்டதிலிருந்து. மனிதருக்கு வந்த புற்றுநோயை அது குணப்படுத்தியதாக நம்பத்தக்க சோதனை எதுவும் இல்லை. குவாதலூப் தீவில், இதைத் தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டதை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

2018 இல் அமெரிக்காவில் வெளியான இரண்டு ஆய்வுகளையும் சொல்ல வேண்டும். உடலின் பிற பாகங்களுக்குப் பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று முறையை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை முதல் ஆய்வு எடுத்துக்கொண்டது. சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். இரண்டாவது ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் இருந்தவர்கள் மருத்துவமனைக்கும் போனார்கள், கூடவே வேறு முறைகளையும் பின்பற்றினார்கள். அவர்களுக்கும் மரண அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. காரணம், அறுவை சிகிச்சையையோ, கீமோவையோ, நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சையோ அவர்கள் இடையில் வேண்டாம் என்று மறுத்தது அதிகம். "கூடச் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறோமே, குறைவது இப்படித்தான்.

இன்னொன்றை ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீமோ எடுப்பவருக்கு இரத்த வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம். "கசாயம் குடிச்சுட்டுப் படுங்க, காலையில் பார்க்கலாம்" என்ற அன்பான சொல் அங்கே மிகவும் ஆபத்தானது. அந்த நேரத்தில் நம் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தை ஒன்றுதான்: "கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் தனிப் பிரிவு இருக்கிறது. நம் சக ஆசிரியர் தானே விரும்பி, படித்துப் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் போக நினைத்தால் அது அவருடைய உரிமை. அவர் நம்மிடம் கருத்துக் கேட்டால் சொல்ல வேண்டியது ஒரு வரிதான்: "எதைச் சாப்பிட்டாலும் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்." சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் குறைக்கும், சில இரத்தம் உறைவதைத் தடுக்கும். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மாத்திரையாக அடைத்து விற்கும் மஞ்சள் சத்து வேறு. இதை முடிவுசெய்ய வேண்டியவர் சிகிச்சை தரும் மருத்துவர். பெயரும் பதிவும் இல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுப்பவர் வேறு வகை. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1954 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படிப்பட்ட விளம்பரத்தை ஆசிரியர் குழுவில் பகிர்வதும் அதற்குத் துணைபோவதே.

அதே 1954 இல்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இன்று காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நமக்கு ஊதியத்தில் பிடித்தம் செய்யும் உடல்நலக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. வழி இல்லாத காலத்தில் நாம் இல்லை. அந்த வழியில் ஒருவர் கடைசிவரை நடந்து முடிக்கத் தோள் கொடுப்பதுதான் நம் வேலை.

அதற்கு என்ன செய்யலாம்? பட்டியலாகவே சொல்கிறேன்.

முதலாவது, பாடவேளை. "ஏதாவது உதவி வேணும்னா கேளுங்க" என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். "வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை 8 ஆம் வகுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். கீமோ நாளும் அடுத்த சில நாள்களும்தான் உடல் அதிகம் தளரும். அந்தத் தேதிகளைக் கேட்டு வைத்துக்கொண்டு, தலைமையாசிரியரோடு பேசி மாற்று அட்டவணை போடலாம். மாடி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றலாம்.

இரண்டாவது, காகித வேலை. மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு, காப்பீட்டு அட்டை, மருத்துவமனை கேட்கும் கடிதங்கள், மதிப்பெண் பதிவு, எமிஸ் உள்ளீடு எல்லாம் நமக்குத் தெரிந்த வேலை. நோயாளியின் வீட்டில் பலருக்கு இது தெரியாது. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வருவது எந்தச் சாற்றையும்விடப் பெரிய உதவி.

மூன்றாவது, துணை. மருத்துவமனையில் காத்திருக்கும் நேரம் நீளமானது. வீட்டார் ஒருநாள் ஓய்வெடுக்கட்டும், நாம் உடன் போவோம். சாப்பாடு கொண்டுபோவதானால் எது இறங்குகிறது என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். சளி, இருமல் இருந்தால் போகாதீர்கள்.

நான்காவது, இரகசியம். நோயின் நிலை, அறிக்கை எதுவும் அவர் சொல்லாமல் குழுவில் பகிரப்படக் கூடாது. எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

ஐந்தாவது, மாணவர்கள். முடி கொட்டித் தலையில் துணி கட்டி வரும் டீச்சரைப் பிள்ளைகள் பார்ப்பார்கள், கேட்பார்கள். அவர் சம்மதித்தால் உண்மையைச் சொல்லுங்கள்: "டீச்சருக்கு உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடுவதால் முடி கொட்டியிருக்கிறது, மறுபடியும் வளரும்." புற்றுநோய் தொற்றாது என்பதையும் சொல்லுங்கள். "எங்க பிள்ளையை வேற வகுப்புக்கு மாத்துங்க" என்று பெற்றோர் யாராவது வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியர் அல்லர், நாம்தான்.

ஒரே ஒரு சூழலில் நாம் வாய் திறந்து பேசத்தான் வேண்டும். "இனிமே போகப்போறதில்ல, போதும்" என்று அவர் சொல்லும்போது. அப்போது உபதேசம் வேண்டாம், பயமுறுத்தலும் வேண்டாம். "எது ரொம்பக் கஷ்டமா இருக்கு, அக்கா?" என்று கேளுங்கள். வாந்தியா, வலியா, செலவா, பயமா? வாந்திக்கு மாத்திரை இருக்கிறது. வலிக்கு மருந்து இருக்கிறது. வலி தணிப்புக்கென்றே தனிப் பிரிவுகள் செயல்படுகின்றன. செலவுக்குக் காப்பீடு இருக்கிறது. "இதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுவோம், நானும் வரேன்" என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் மருத்துவரிடம் கேட்டறிந்த பிறகும் அவர் வேறு முடிவெடுத்தால், அது அவருடைய உடல், அவருடைய முடிவு. அப்போதும் அவரை விட்டு விலகாதீர்கள்.

நண்பர்களே, அடுத்த முறை ஓர் இலையின் பெயரோ ஒரு வைத்தியரின் எண்ணோ நம் நாக்கு நுனிவரை வந்தால், அதை அங்கேயே நிறுத்திவிட்டு அவருடைய கால அட்டவணையைக் கேட்டு வாங்குவோம். அதில் எந்தக் கட்டத்தில் நம் பெயரை எழுதலாம் என்று பார்ப்போம்.