கயிறு முழுவதும் தெரியும்படி



இன்று ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வானொலியில் படத்தைக் காட்ட முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1953ஆம் ஆண்டு, மே 3. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வடபகுதியில், ரெடிங் என்ற ஊருக்கு அருகே பிட் ஆற்றுப் பாலம். மேலே சாலை, கீழே ரயில் பாதை என்று இரண்டு அடுக்குப் பாலம் அது. சாஸ்தா அணை கட்டியபோது பழைய வழிகள் தண்ணீருக்குள் போய்விடும் என்பதால், 1942இல் அதைத் திறந்தார்கள். 

வர்ஜீனியா ஷாவ் என்ற பெண்மணி, கணவர் வால்டரோடும் தன் பெற்றோரோடும் மீன் பிடிப்பதற்காகக் காரில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பெரிய டிரெய்லர் லாரி. பாலத்தில் அதன் ஸ்டீயரிங் வேலை செய்யாமல் போனது. கம்பித் தடுப்பை உடைத்துக்கொண்டு லாரியின் கேபின் பாலத்துக்கு வெளியே பாய்ந்தது. டிரெய்லர் மேலேயே சிக்கி நின்றதால், கேபின் கீழே விழாமல் அந்தரத்தில் தொங்கியது. உள்ளே இரண்டு பேர். கீழே, சுமார் 40 அடி ஆழத்தில் பாறை.

வால்டரும் வழியில் வந்தவர்களும் கயிறு தேடி எடுத்து இறக்கினார்கள். ஒருவர் அதைப் பற்றிக்கொண்டு மேலே வந்தார். மற்றவருக்குப் பாதி நினைவுதான் இருந்தது. வால்டரின் கணுக்கால்களை மற்றவர்கள் இறுகப் பிடித்துக்கொள்ள, அவர் விளிம்புக்கு வெளியே தொங்கி, அந்த இரண்டாமவரிடமும் கயிற்றைச் சேர்த்தார். அவரும் பிழைத்தார். சற்று நேரத்தில், தீப்பற்றிய கேபின் கீழே போய் விழுந்தது.

இதற்கிடையில் வர்ஜீனியா என்ன செய்தார்? காரில் ஒரு கோடக் பிரவுனி கேமரா கிடந்தது. உள்ளே இருந்த பிலிம் காலாவதியாகி ஓராண்டு ஆகியிருந்தது. மிச்சம் இரண்டே படங்கள்.

பிரவுனி என்பது வெறும் பெட்டிக் கேமரா. 1900இல் ஒரு டாலர் விலைக்கு, சிறுவர்களும் வாங்கட்டும் என்று வந்த வகை. தூரத்துக்கு ஏற்றபடி லென்ஸைத் திருப்பும் வேலையே அதில் இல்லை. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலிருக்கும் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். அதில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். ஒரு படம் எடுத்ததும், பின்பக்கச் சிவப்புச் சாளரத்தில் அடுத்த எண் வந்து நிற்கும்வரை குமிழைத் திருக வேண்டும். பாதியில் விட்டால் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் விழுந்துவிடும். ஷட்டரும் மெதுவானது, கை சற்று நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு, கட்டிய கணவர் பாலத்தின் விளிம்பில் நிற்கும் நேரத்தில், அவர் படம் எடுத்தார். பழைய கேமராக்களோடு பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

ஆனால் நான் வியப்பது அவர் நின்ற இடத்தைப் பார்த்துத்தான். பாலத்து விளிம்பில் கூட்டத்தோடு கூட்டமாக எட்டிப் பார்க்காமல், எதிர்ப்புறமாக விலகி ஓடினார். அதனால் படத்தில் எல்லாமே இருக்கிறது. மேலே பாலத்தின் விளிம்பு, அங்கே நிற்கும் ஆட்கள், செங்குத்தாகத் தொங்கும் கேபின், பக்கத்தில் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஒரு மனிதர். அவர் முகம் தெளிவாகத் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. மேலே இழுக்கிறவர்களையும் கீழிருந்து வருகிறவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது.

கிட்டே போனால்தான் நல்ல படம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மீட்புப் படத்துக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். கிட்டே போனால் கிடைப்பது பயந்துபோன ஒரு முகம். உயிருக்குப் போராடும் ஒருவருடைய முகத்தை ஊருக்குக் காட்ட நமக்கு என்ன உரிமை? மீட்பவர்களுக்கும் நாம் இடைஞ்சல். விலகி நின்றால் அவர்களுக்கு வழி கிடைக்கிறது, நமக்குக் கயிறு முழுவதும் கிடைக்கிறது.

"படம் எடுத்தாயே, கை கொடுத்தாயா?" என்ற கேள்வி இப்படிப்பட்ட எல்லாப் படங்களுக்கும் வரும். வரவும் வேண்டும். அன்று கயிற்றில் போதுமான கைகள் இருந்தன, அவற்றில் இரண்டு அவர் கணவருடையவை. அங்கே ஆள் குறைந்திருந்தால், கேமரா காரிலேயே கிடந்திருக்க வேண்டும்.

அந்தப் படத்துக்கு முதலில் கிடைத்தது சாக்ரமென்டோ பீ நாளிதழின் போட்டியில் 10 டாலர். பிறகு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதை நாடெங்கும் அனுப்பியது. 1954இல், அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயரிய விருதான புலிட்சர் பரிசு. புகைப்படத்துக்காக அந்தப் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். தொழில்முறைக் கலைஞர் அல்லாதவர் ஒருவருக்கு அது கிடைத்ததும் இரண்டாவது முறைதான். முதலாமவர், அட்லாண்டாவில் தீப்பிடித்த ஓட்டலிலிருந்து ஒரு பெண் விழும் காட்சியை எடுத்த ஆர்னால்டு ஹார்டி என்ற மாணவர்.

இன்னொரு மீட்புப் படத்தையும் சொல்கிறேன். 2009 ஜனவரி 15. நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சின்களும் செயலிழந்த விமானத்தை, கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். அதிலிருந்த 155 பேரும் பிழைத்தார்கள். மீட்கப் போன பயணிப் படகுகளில் ஒன்றில் இருந்தார் ஜானிஸ் கிரம்ஸ். விமான இறக்கையின்மேல் ஆட்கள் வரிசையாக நிற்பதைத் தன் ஐபோனில் எடுத்து ட்விட்டரில் போட்டார். உலகமே பார்த்தது. அவரோ அதற்குள், படகில் ஏறியவர்களுக்கு உதவுவதில் இறங்கிவிட்டார். தப்பி வந்தவர் ஒருவருக்குப் பேசுவதற்கு அதே போனைக் கொடுத்தார்.

நேயர்களே, நம் ஆறுகளில் வெள்ளம் வரும்போது, கரையில் நிற்கும் எல்லார் கையிலும் இன்று போன் இருக்கிறது. முதலில் அதில் 101ஐயோ 112ஐயோ அழையுங்கள். கயிறு போகும் பாதையில் நிற்காதீர்கள். ஹெலிகாப்டர் வரும் இடத்தில் டிரோனைப் பறக்கவிடாதீர்கள். இத்தனைக்கும் பிறகு, உங்கள் கைக்கு வேலை இல்லை என்றால், விலகி நின்று படம் எடுங்கள். பத்திரிகைக்கு அனுப்பும்போது இடம், நேரத்தோடு, கயிற்றைப் பிடித்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். மீட்கப்பட்டவருடைய வீட்டுக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு அனுப்புங்கள்.