முதல் அரை மணி நேரம் யாருடையது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

ஒரகடத்திலிருந்து பேசறேன். பின்னணியில லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, இங்க அது இல்லாத நேரமே கிடையாது.

இன்னைக்கு ஒரு சின்ன கேள்வி. ஒரு பெரிய ராக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கறீங்க. போஸ்டர்ல ஹெட்லைனர் பேரு பெருசா இருக்கும். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல இன்னொரு பேண்டோட பேரு. அந்தச் சின்ன எழுத்துக்காரங்க மேடை ஏறும்போது நீங்க எங்க இருப்பீங்க? பெரும்பாலும் பார்க்கிங்ல. இல்லன்னா டி-ஷர்ட் கடை வரிசையில.

அந்த ஓப்பனிங் ஆக்ட் பத்திதான் இன்னைக்குப் பேச்சு. அவங்க வேலை உண்மையில என்ன? நல்ல ஓப்பனிங் எது?

"மெயின் பேண்ட் வர்ற வரைக்கும் கூட்டத்தை வார்ம்-அப் பண்றது"ன்னு சொல்வாங்க. எனக்கு அது பாதி பதில்தான். மைதானத்துக்கு வர்றது கூட்டம். நாலு பேரா, ரெண்டு பேரா, தனியா, செல்போனைப் பார்த்துக்கிட்டு வர்ற கூட்டம். அந்தக் கூட்டத்தை ஒரு சபையா மாத்தணும். எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி, ஒரே தாளத்துக்குக் காது கொடுக்கணும். ஓப்பனிங் ஆக்ட்டோட வேலை அதுதான்.

திறமை மட்டும் போதாது

1967 ஜூலை. அமெரிக்காவுல த மங்கீஸ்னு ஒரு பேண்ட். டிவி தொடர் மூலமா புகழ்பெற்றவங்க, ரசிகர்கள் பெரும்பாலும் டீன்ஏஜ் பசங்க. அவங்க டூர்ல ஓப்பனிங் யாரு தெரியுமா? ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்! ஒரு மாசம் முன்னாடிதான் மான்டரே விழாவுல கிதாரைக் கொளுத்திட்டு வந்திருந்தார். இங்க அவர் வாசிக்கும்போது கூட்டம் மங்கீஸ் பேரைச் சொல்லிக் கத்துது. சில ஷோக்கள்லயே விலகிட்டார்.

அடுத்தது 1981 அக்டோபர், லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம். ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னாடி மேடை ஏறினவர் பிரின்ஸ். கூட்டம் கூச்சல் போட்டுது, கையில கிடைச்சதையெல்லாம் வீசுச்சு. பாதியிலயே இறங்கிட்டார். மூணே வருஷத்துல 'பர்ப்பிள் ரெயின்' வந்து அவரே உலக நட்சத்திரம் ஆனது வேற கதை.

ரெண்டு பேருக்கும் திறமையில குறை சொல்ல முடியுமா? முடியாது. அங்க தப்பானது ஜோடி. யாரோட சபைக்கு யாரை முதல்ல அனுப்பறோம்ங்கறதுல பாதி வெற்றி இருக்கு. அது பேண்டோட பொறுப்பு இல்ல, ஏற்பாட்டாளரோட பொறுப்பு.

ஜோடி சரியா அமைஞ்சா எப்படி இருக்கும்ங்கறதுக்கு நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு. 2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். அயர்ன் மெய்டன் இந்தியாவுல வாசிச்ச முதல் கச்சேரி. அன்னைக்கு முன்னாடி வாசிச்சவங்கள்ல ஒருத்தர் லாரன் ஹாரிஸ், இன்னொன்னு டெல்லியைச் சேர்ந்த பரிக்ரமா. 1991-ல ஆரம்பிச்ச பேண்ட். காலேஜ் விழாக்கள்ல வருஷக்கணக்கா வாசிச்சு, இந்திய ராக் ரசிகர்களோட நாடித்துடிப்பு தெரிஞ்சவங்க. ஹார்டு ராக்தான், ஆனா அதுக்குள்ள வயலின் இருக்கும். அயர்ன் மெய்டன் ரசிகனுக்கு அந்நியமாவும் இல்ல, அதே சரக்கின் நகலாவும் இல்ல. ஓப்பனிங் ஆக்ட் ஹெட்லைனருக்குச் சொந்தக்காரங்க மாதிரி இருக்கலாம், இரட்டைப் பிள்ளையா இருக்கக் கூடாது. அந்த வருஷம் ஜூன்லயே இங்கிலாந்துல டவுன்லோட் விழாவுல பரிக்ரமா வாசிச்சாங்க. அந்த அழைப்பு பெங்களூரு மேடையிலிருந்துதான் வந்தது.

கட்டியக்காரன் சொல்லித் தர்றது

இந்த வேலையை நம்ம ஊர் ரொம்ப காலமா செய்யுது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டம். இது கட்டைக்கூத்து மண். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்ல பெ. ராஜகோபால் நடத்தின கட்டைக்கூத்து குருகுலத்துல பிள்ளைங்க பள்ளிப் படிப்போட கூத்தும் கத்துக்கிட்டாங்க, பெண் பிள்ளைங்களும்.

ராத்திரி பத்து மணி வாக்குல ஆரம்பிச்சு விடியற வரைக்கும் நடக்கிற கூத்துல ராஜா உடனே வந்துட மாட்டார். முதல்ல களரி கட்டுவாங்க. மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், முகவீணை எல்லாம் சேர்ந்து முழங்கும். ராத்திரி அமைதியில அந்தச் சத்தம் வயலைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் போகும். சோறு சாப்பிட்டுக்கிட்டிருக்கறவன் பாயைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்புவான். அப்புறம் கடவுள் வாழ்த்து. அதுக்கப்புறம் கட்டியக்காரன். கோமாளிதான், ஆனா சபையை முதல்ல கையில எடுக்கறது அவன். அதுக்குப் பிறகுதான் ரெண்டு பேர் பிடிச்ச திரைக்குப் பின்னாலிருந்து ராஜாவோட பாட்டு கேட்கும்.

கட்டியக்காரன் கிட்ட ஒரு ராக் பேண்ட் கத்துக்க மூணு விஷயம் இருக்கு.

ஒண்ணு, அவன் கிரீடம் வைக்கறதில்ல. மரக்கட்டையில செஞ்ச கிரீடமும் புஜமும் ராஜாவுக்கு. இவனுக்கு லேசான வேஷம். அதனாலயே ராஜா வரும்போது கண்ணு விரியுது. ஓப்பனிங் பேண்ட் ஹெட்லைனர் பாட்டையே கவர் பண்ணா, அது கிரீடத்தை எடுத்து மாட்டிக்கிற மாதிரி.

ரெண்டு, அவன் எந்த ஊர்ல ஆடறானோ அந்த ஊரைப் பேசுவான். அந்த ஊர் டீக்கடை, அந்த ஊர்ப் பெரிய மனுஷன், எல்லாம் வந்துடும். "ஹலோ, எல்லாரும் எப்படி இருக்கீங்க, கேக்கல, இன்னும் சத்தமா"ன்னு எந்த ஊருக்கும் பொருந்தற மாதிரி கத்தறதை விட, இந்த ஊருக்குன்னு ஒரு வரி போதும்.

மூணு, எப்போ ஒதுங்கி நிக்கணும்னு அவனுக்குத் தெரியும். ராஜா வந்ததும் கேள்வி கேக்கறவனா மாறிடுவான். ராஜாவைக் கிண்டல் பண்ற உரிமையும் அவனுக்கு உண்டு. அப்போ அது அடிமை வேலை இல்ல. அதுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு.

மேடைக்குப் பின்னால

அந்த கௌரவம் இன்னைய மேடையில கிடைக்குதா? நடைமுறையைப் பாருங்க. சவுண்ட் செக்ல ஹெட்லைனருக்குத்தான் முதல் உரிமை. அவங்க முடிச்ச பிறகு மிச்ச நேரம் இருந்தா ஓப்பனிங்குக்கு. பல தடவை மைக் வேலை செய்யுதான்னு பார்க்க மட்டும்தான் நேரம் இருக்கும். ஹெட்லைனரோட டிரம்ஸ் துணி மூடிப் பின்னால நிக்கும், அதுக்கு முன்னாடி கிடைச்ச இடத்துல இவங்க நெருக்கி நிக்கணும். லைட் முழுசா கிடைக்காது, சில இடத்துல சவுண்டும் கிடைக்காது. மொத்த நேரம் அரை மணி. அதுல ஒரு கிதார் ட்யூனிங் மூணு நிமிஷம் இழுத்தா ஒரு பாட்டு போச்சு.

அதனால நல்ல ஓப்பனிங் பேண்டைப் பார்த்தா கண்டுபிடிச்சுடலாம். முதல் பாட்டு பேச்சில்லாம ஆரம்பிக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ஓட்டை விழாது. பேண்ட் பேரை ஆரம்பத்துல ஒரு தடவை, முடிவுல ஒரு தடவை சொல்வாங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடி முடிச்சாலும் முடிப்பாங்க, ஒரு நிமிஷம் தாண்ட மாட்டாங்க.

சம்பளம்? "எக்ஸ்போஷர் கிடைக்கும்ல" அப்படீங்கற பதில் உங்களுக்கும் பழக்கமானதுதான். வெளிநாட்டுல பெரிய டூர்ல ஓப்பனிங் இடத்துக்கு சின்ன பேண்ட் காசு கொடுக்கற வழக்கமே இருக்கு. காசு, இருபது நிமிஷம் சவுண்ட் செக், போஸ்டர்ல மேடை ஏறும் நேரம், இந்த மூணும் கொடுக்காம நல்ல ஓப்பனிங் எதிர்பார்க்கறது நியாயமில்ல.

ஒரகடத்துல ஒரு மேடை போட்டா

இப்போ ஒரு கற்பனை. நம்ம சிப்காட் பக்கத்துல ஒரு பெரிய ராக் கச்சேரி, ஆறரைக்கு ஆரம்பம். யாரெல்லாம் வருவாங்க?

ஏ ஷிஃப்ட் முடிச்சு தூங்கி எழுந்தவங்க வருவாங்க. ஜெனரல் ஷிஃப்ட் முடிச்சு ஐடி கார்டோட நேரா வர்றவங்க இருப்பாங்க. வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்புல மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்லேர்ந்து வந்தவங்க இருப்பாங்க. தமிழ்ல ஜோக் சொன்னா பாதிப் பேருக்குப் புரியாது. இங்க சபை சேர்க்க முதல்ல வேண்டியது தாளம். களரி கட்டறவங்க பேச்சுக்கு முன்னாடி தோலைத் தட்டறது ஏன்னு அப்போ புரியும்.

இன்னொரு விஷயம். சி ஷிஃப்ட் ராத்திரி பத்து மணிக்குன்னு வைங்க. அந்த ஷிஃப்ட்டுக்குப் போறவங்க எட்டரை, ஒன்பதுக்குள்ள கம்பெனி பஸ் பிடிக்கணும். ஹாஸ்டல் கேட் மூடறதுக்குள்ள திரும்ப வேண்டிய பொண்ணுங்களும் கிளம்பணும். ஹெட்லைனர் எட்டரைக்கு மேடை ஏறினா, இவங்க கேட்கப்போறது அதிகபட்சம் ரெண்டு பாட்டு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, சீக்கிரமே வந்து, முழுசா நின்னு கேட்டது ஓப்பனிங் பேண்டை மட்டும்தான். அவங்களுக்கு அதுதான் கச்சேரி.

அந்த அரை மணி நேரத்தை யாரோ ஒருத்தர் இடத்தை நிரப்பற நேரம்னு நினைச்சு மேடை ஏறினா, ஏமாறப்போறது இவங்க. ஓப்பனிங் பேண்ட்ல இருக்கற நண்பர்கள் யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, செட் லிஸ்ட் எழுதும்போது இந்த ஆளுங்களை மனசுல வச்சுக்கோங்க. ரசிகர்களுக்கு ஒண்ணே ஒண்ணு: அடுத்த தடவை அரை மணி முன்னாடி உள்ள போங்க. டி-ஷர்ட் அப்புறமும் கிடைக்கும்.

நீங்க பார்த்த நல்ல ஓப்பனிங் எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறோம். வரட்டுமா?